கீழ் இடது ஆறாம் பல்

என்னட்டைப் பல்லுக் காட்ட வாற ஆக்களுக்கு நான் முதல் சொல்லுறது ஒண்டுதான். "உங்கடை இடது கையை ஒருக்காத் தூக்குங்கோ." வாய் திறக்க வந்த சனத்தைக் கை தூக்கச் சொன்னால் முழிக்கும்தானே. சிலபேர் சிரிப்பினம். சின்னனுகள் ரண்டு கையையும் தூக்குங்கள். போன மாசம் பாங்கிலை வேலை செய்யிற ஒரு மனிசன், "ஏன் தங்கச்சி, எனக்கு இடம் வலம் தெரியுமோ எண்டு பாக்கிறீரோ?" எண்டு கேட்டார். "உங்களுக்கில்லை ஐயா, எனக்கு" எண்டன். நான் பகிடி விடுறன் எண்டு நினைச்சுச் சிரிச்சார். கை உயர்ந்த பிறகுதான் நான் பேனையை எடுக்கிறது. கிட்டத்தட்ட முப்பது வருஷமா இப்பிடித்தான். விசர் எண்டு நினைக்கிறவை நினைக்கட்டும்.

சண்டையாலை யாழ்ப்பாணத்துக்குக் கரண்ட் போய் மூண்டாம் வருஷம். ஏ.எல். சோதனையை ரண்டு தரம் எடுத்தும் கம்பஸுக்குப் புள்ளி காணாமல், கொக்குவிலிலை வீட்டுக்குள்ளை இருந்து அம்மாவோடை சண்டை பிடிச்சுக்கொண்டிருந்தன். எனக்கு மூக்கு நுனியிலை கோவம். அண்டைக்கும் அப்பிடி, இண்டைக்கும் அப்பிடி. நல்லூரிலை பல் வைத்தியருக்கு உதவி செய்யிறதுக்கும் பல்லுத் துப்புரவு செய்யிறதுக்கும் ஒரு வருஷப் பயிற்சி துவங்கப் போகினம் எண்டு கேள்விப்பட்டு எழுதிப் போட்டன். ஆசையிலை இல்லை, வீட்டிலையிருந்து தப்பிறதுக்கு. "ஊரான்ரை வாய்க்குள்ளை கை வைக்கிறதும் ஒரு வேலையோ?" எண்டு அம்மா கேட்டா. "உங்கடை வாயைவிட ஊரான்ரை வாய் பரவாயில்லை" எண்டன். அண்டைக்கு மத்தியானம் எனக்குச் சோறு கிடைக்கேல்லை.

கல்லூரி எண்டு பேர்தான். ரியூசன் குடுக்கிற ஒரு ரியூற்றறியின்ரை பின்பக்கத்திலை ரண்டு அறை. கிடுகு மறைப்புக்கு அங்காலை ஒரு மாஸ்ரர் நாள் முழுக்கக் கணக்குப் படிப்பிப்பார். இஞ்சாலை நாங்கள் பன்னிரண்டு பெட்டையள். படிப்பிச்சவை ரண்டு பேர். ஒருத்தர் பென்சன் எடுத்த பல் வைத்தியர், டொக்டர் எண்டுதான் சொல்லுவம். மற்றவ மிஸ். தெற்கிலை பள்ளிக்கூடப் பல் நேர்ஸாப் படிச்சு வேலை செய்தவ, எண்பத்து மூண்டுக் கலவரத்தோடை ஒரு பையோடை ஊருக்கு வந்து சேர்ந்தவ. ஆள் சிரிச்சு நாங்கள் காணேல்லை.

பல்லுத் துளைக்கிற மெசின் கால் மிதிக்கிறது, தையல் மெசின் மாதிரி. ஒருத்தி மிதிப்பாள், டொக்டர் துளைப்பார். மிதிக்கிறவளுக்குக் கால் உளைஞ்சால் வாய் திறந்திருக்கிற ஆள் கண்ணாலை கெஞ்சும். பஞ்சு கிடையாது. பழைய வேட்டியைக் கிழிச்சு, அவிச்சு, காயப்போட்டு எடுக்கிறது. கையுறையையும் கழுவிக் கொடியிலை கொழுவிறது, அதிலை பத்துக் கை தொங்கிறதைப் பாத்துப் போற வாற சனம் பயந்தது. பல்லுப் பிடுங்கிற ஆயுதங்களை விறகடுப்பிலை அவிச்சம். விறைக்கிற மருந்து வரும் எண்டுவினம், வராது. வராத நாளிலை பல்லுப் பிடுங்க வந்தவையின்ரை தலையை நாங்கள்தான் இறுக்கிப் பிடிக்கிறது. ஒரு நாளைக்கு ரண்டு தரம் பற்பசையாலை தீட்டச் சொல்லிச் சனத்துக்குப் படிப்பியுங்கோ எண்டு புத்தகத்திலை எழுதிக் கிடந்தது. பற்பசைக்கு ஆரிட்டைப் போறது? நாங்களே உப்பும் கரியும் போட்டுத்தான் தீட்டினம்.

அங்கைதான் அவளைக் கண்டன். அவள் குருநகர்க்காரி. கடற்கரையிலை ஷெல் விழத் துவங்கின பிறகு, தாயும் அவளும் இடம்பெயர்ந்து, நல்லூருக்குக் கிட்ட ஒரு மாதா கோயில் வளவுக்குள்ளை கொட்டில் போட்டு இருந்தவை. தகப்பன் ஒருநாள் கடலுக்குப் போனவர்தான், வள்ளமும் வரேல்லை, ஆளும் வரேல்லை. ஒரு தமையன் கொழும்பிலை. நான் கோவக்காரி எண்டால் அவள் பகிடிக்காரி. முதல் நாளே என்னைப் பாத்து, "எடி, நீ மூஞ்சையை இப்பிடி வைச்சிருந்தால் வாறவை வாயை மூடிக்கொண்டு ஓடப் போகினம்" எண்டாள். எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்லை. பத்து மணி இடைவேளைக்கு அவள் கொண்டுவந்த கருவாட்டுச் சம்பலை ரண்டு பேரும் பாணுக்குள்ளை வைச்சுத் திண்டம். எங்கடை வீடு சைவம், மீன் மச்சம் அடுக்களைக்குள்ளை வராது. பிறகு உப்புப் போட்டு நாலு தரம் பல்லுத் தீட்டித்தான் வீட்டை போனன். "பின்பக்கமும் தீட்டடி, பாடம் இதுதானே" எண்டு அவள் பக்கத்திலை நிண்டு சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு வாழ்க்கையிலை கிடைச்ச சிநேகிதி அவள் ஒருத்திதான், இதைச் சொல்ல எனக்கு வெக்கமில்லை.

மிஸ் எங்களுக்கு முதல் பழக்கினது வாய் எழுதிறது. ஒரு கடதாசியிலை சிலுவை மாதிரி ரண்டு கோடு, நாலு அறை. மேலை ரண்டு, கீழை ரண்டு. ஒவ்வொரு அறைக்குள்ளையும் நடுவிலையிருந்து கடைவாய்ப் பக்கமா ஒண்டு தொடக்கம் எட்டு வரை இலக்கம். சூத்தைப் பல்லு எண்டால் ஒரு அடையாளம், அடைச்ச பல்லு எண்டால் ஒரு அடையாளம், இல்லாத பல்லுக்குக் குறுக்குக் கோடு போட்ட புள்ளடி. அந்தக் கோட்டைக் கண்டிட்டு அவள், "சைவக்காரர் எல்லாருக்கும் மிஸ் சிலுவை குடுத்திட்டா" எண்டாள். மிஸ்ஸுக்குக் கேட்டது. அதுக்கும் சிரிக்கேல்லை.

இதிலை ஒரு வில்லங்கம் இருக்கு. கடதாசியை, ஆளுக்கு நேரை இருந்து முகம் பாக்கிற மாதிரி எழுத வேணும். முன்னாலை இருக்கிற ஆளின்ரை வலது பக்கம் எங்களுக்கு இடப் பக்கமாத்தானே தெரியும், அதாலை அவையின்ரை வலதுப் பல்லைக் கடதாசியின்ரை இடப் பக்கத்திலை எழுதிறது. பழகினால் கை தானாப் போகும். அதாலைதான் மிஸ் ஒரு சட்டம் வைச்சிருந்தா. எழுதி முடிச்சவள், எழுதினதைச் சத்தமா வாசிச்சுக் காட்ட வேணும். கிடக்கிறவள் ஒவ்வொரு பல்லையும் தன்ரை நாக்காலை தொட்டுப் பாத்து ஓம் சொல்ல வேணும். அதுக்குப் பிறகு கடதாசியின்ரை அடியிலை, வாசித்துக் காட்டப்பட்டது எண்டு அச்சடிச்ச இடத்திலை, எழுதினவள் கையெழுத்து வைக்கிறது. "வாசிக்காமல் கையெழுத்து வைச்சது தெரிஞ்சால் சேட்டிபிக்கற் இல்லை, அப்பிடியே வீட்டை போகலாம்" எண்டு மிஸ் முதல் கிழமையே சொல்லிப்போட்டா.

பழகிறதுக்கு எங்கடை வாயளை நாங்களே எழுதினம். ஒருத்தி மற்றவளின்ரை வாய். எனக்கு அவள் வந்தாள்.

லைற் இல்லாததாலை வெயிலிலைதான் வேலை. ஒருத்தி முகம் வழிக்கிற கண்ணாடியொண்டைப் பிடிச்சு, யன்னலாலை வாற வெயிலைத் திருப்பி வாய்க்குள்ளை விடுவாள். காலமை எண்டால் கிடக்கிறவளுக்கு முன்னாலை இருந்து எழுதலாம். எங்கடை முறை பின்னேரம் வந்தது. வெயில் மற்ற யன்னலுக்கு மாறிப்போச்சுது. முன்னாலை இருந்தால் என்ரை நிழல் அவளின்ரை வாய்க்குள்ளை விழுந்தது. அதாலை நான் எழும்பித் தலைமாட்டிலை போய் இருந்தன். அவள் ரண்டு பள்ளிக்கூட வாங்கைச் சேர்த்துப் போட்டதிலை மல்லாந்து கிடந்தாள். "எடி, உன்ரை தலை எண்ணெய் என்ரை மூக்குக்குள்ளை ஊத்துது" எண்டாள். "வாயைத் திற, கதைக்காதை" எண்டு அதட்டினன். அவள் சிரிக்க வாய் ஆடிச்சுது, துப்பல் வடிஞ்சுது, எனக்கு எரிச்சல் உச்சியிலை ஏறிச்சுது.

எங்கள் பன்னிரண்டு பேருக்குள்ளையும் திறமான வாய் அவளின்ரை. ஒரு சூத்தைப் பல்லு இல்லை. கீழ்க் கடைவாயிலை ஒரே ஒரு பல்லுத்தான் இல்லை. சின்னனிலை பெரியாஸ்பத்திரியிலை பிடுங்கினதாம். தாய் வாசலிலை ஐஸ்பழம் வாங்கித் தந்தவவாம். அந்த ஐஸ்பழத்துக்காக இன்னும் ரண்டு பல்லைப் பிடுங்கக் குடுத்திருப்பன் எண்டு சொல்லுவாள். அந்த இடத்துக்கு நேரை புள்ளடி போட்டன்.

பேனையைக் கீழை வைக்கேல்லை, குண்டு போடுற பொம்மர் பிளேன் சத்தம் கேட்டது. கண்ணாடி பிடிச்சவள் கண்ணாடியைப் போட்டிட்டு ஓடினாள். கணக்கு மாஸ்ரரின்ரை பெடியளும் நாங்களும் முண்டியடிச்சு வளவுக்குள்ளை இருந்த பங்கருக்குள்ளை இறங்கினம். எங்கையோ தூரத்திலைதான் குண்டு போட்டது. வெளியிலை வர வெயில் போயிட்டுது. மிஸ் கடதாசியளைக் கேட்டா. எல்லாரும் குடுத்துக்கொண்டு நிண்டவை. நான் அடியிலை கையெழுத்தை வைச்சுக் குடுத்தன். வாசிச்சுக் காட்டேல்லை. ஒரு பல்லு, இதிலை என்னத்தை வாசிக்கிறது எண்டு நினைச்சன்.

பத்து மாசம் போச்சுது. அவளுக்கு எப்பிடியாவது தமையனிட்டைக் கொழும்புக்குப் போக வேணும் எண்டு ஆசை. கிளாலியாலை கடலேரி தாண்டித்தான் அப்ப போறது, அதுக்கு இயக்கத்திட்டைப் பாஸ் எடுக்க வேணும், வள்ளத்திலை போகேக்கை நேவிக்காரர் சுடுவாங்கள். தாய்க்கு அந்தக் கதையே பிடியாது. ஒரு வியாழக்கிழமை காலமை என்னட்டை, "இண்டைக்கு வகுப்புக்கு வரேல்லை, எனக்குக் காய்ச்சல் எண்டு மிஸ்ஸிட்டைச் சொல்லு. பாஸ் விசயமா ஒராளைப் பாக்கப் போறன். சரிவந்தால் அப்பிடியே கொழும்புக்கு மாறிவிடுவன். அம்மாட்டைச் சொல்லிப்போடாதை" எண்டாள். "போய்த் துலை" எண்டு சொன்னன். பகிடிக்குத்தான். அவளும் கையைக் காட்டிப்போட்டுச் சைக்கிளிலை ஏறினாள்.

அண்டைக்கு மத்தியானம் பொம்மர் கடைத்தெருவிலை குண்டு போட்டது. மண்ணெண்ணெய் பதுக்கி வைச்சிருந்த கடையொண்டு எரிஞ்சு, அந்த வரிசை முழுக்க எரிஞ்சுது. கோதாரி, எத்தினை சனம். பின்னேரமாகியும் அவள் வீட்டை போகேல்லை. அடுத்த நாளும் இல்லை. தாய் எங்கடை வகுப்புக்கு வந்தா. அப்பதான் நான் பாஸ் விசயத்தைச் சொன்னன். அந்த மனிசியின்ரை முகத்திலை ஒரு வெளிச்சம் வந்ததைக் கண்டன். "அப்ப அண்ணனிட்டைப் போயிட்டாள் போலை. கள்ளி, சொல்லாமல் போயிட்டாள்" எண்டா. எனக்கும் அதுதான் ஆசை. போயிருக்கலாம், எரிஞ்சுமிருக்கலாம். ரண்டிலை எது எண்டு அறியிறதுக்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது.

ஆஸ்பத்திரிச் சவச்சாலையிலை ஆரெண்டு தெரியாத உடம்புகள் கிடந்தது. ஒண்டு இளம் பொம்பிளைப் பிள்ளை. முகமும் இல்லை, உடுப்பும் இல்லை. பல்லிருக்கு எண்டு ஆரோ சொல்ல, டொக்டர் அலுமாரியிலையிருந்து அவளின்ரை கடதாசியை எடுத்துவரச் சொன்னார். எழுதினவள் நான் எண்டதாலை என்னையும் கூட்டிக்கொண்டு போனார். தாயும் வந்தா. அவவை வெளியிலை மதிலோடை நிப்பாட்டிப்போட்டு உள்ளை போனம்.

அங்கையும் லைற் இல்லை. நான் கதவடியிலை நிண்டு, அதே கண்ணாடியாலை வெயிலைத் திருப்பிப் பிடிச்சன். வகுப்பிலை பிடிச்ச மாதிரித்தான். வெளிச்சம் ஓரிடத்திலை நிக்கேல்லை. "ஒழுங்காப் பிடியும்" எண்டார் டொக்டர். மணத்தைப் பற்றி எழுத நான் விரும்பேல்லை. அவர் குனிஞ்சு நிண்டு, "வாசியும்" எண்டார்.

"மேல் வலது, எல்லாம் இருக்கு. மேல் இடது, எல்லாம் இருக்கு. கீழ் இடது, எல்லாம் இருக்கு. கீழ் வலது, ஆறாம் பல்லு இல்லை."

அவர் விரலாலை கீழ்வாயைத் தடவிப் பாத்தார். "இஞ்சை கீழ் இடதிலைதான் ஆறு இல்லை. வலதிலை எல்லாம் இருக்கு" எண்டார். பிறகு என்னைத் திரும்பிப் பாத்தார். "வாசிச்சுக் காட்டித்தானே கையெழுத்து வைச்சனீர்?"

சோதனைக்கு ஒண்டரை மாசம் இருந்தது. அந்தச் சேட்டிபிக்கற் இல்லாட்டி அம்மாவுக்கு முன்னாலை நான் திரும்பிப் போய் இருக்க வேணும். அதுக்குமேலை, அது அவளா இருக்கக்கூடாது எண்டு என்ரை உடம்பு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தது. "ஓம் டொக்டர்" எண்டன்.

அவர் இன்னொருக்காக் குனிஞ்சு பாத்தார். "அப்ப இது வேறை ஆரோ பெத்த பிள்ளை" எண்டு சொல்லித் துணியை மூடினார். நான் கண்ணாடியை இறக்கினன்.

வெளியிலை தாய் செபமாலை உருட்டிக்கொண்டு நிண்டா. ஓடிப்போய், "அம்மா, உது அவள் இல்லை. பல்லுச் சரிவரேல்லை" எண்டன். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒண்டா வந்தது.

"என்ன சரிவரேல்லை?"

"எங்கடை கடதாசியிலை வலப்பக்கப் பல்லுத்தான் இல்லை. உந்தப் பிள்ளைக்கு இடது."

செபமாலை உருட்டினது நிண்டுது. மனிசி என்னைப் பாக்கேல்லை, மதிலைப் பாத்துக்கொண்டு நிண்டா. பிறகு, "கடதாசியிலை அப்பிடியோ இருக்கு?" எண்டு கேட்டா. "ஓம் அம்மா, நான்தான் எழுதினனான்" எண்டன். "அப்ப என்ரை பிள்ளை இல்லை" எண்டு சொல்லி நெத்தியிலை சிலுவை போட்டா. எனக்கு அதிலை ஒண்டும் விளங்கேல்லை. மனிசி களைச்சுப்போனா எண்டு நினைச்சு, சைக்கிளிலை ஏத்திக்கொண்டுபோய்க் கோயில் வளவிலை விட்டன்.

ஆரும் கேட்டு வராத உடம்புகளை மூண்டு நாளாலை ஒண்டாக் கொண்டுபோய் எரிச்சவை. எனக்கு அது காதிலை விழுந்தது. பாவங்கள் எண்டு நினைச்சுப்போட்டு என்ரை அலுவலைப் பாத்தன்.

அதுக்குப் பிறகு ஞாயிறு தோறும் தாயிட்டைப் போவன். கொழும்பிலையிருந்து காயிதம் வரக் கிழமைக்கணக்காகும், வந்து சேர்ந்தாள் எண்டு தமையன் எழுதுவார்தானே எண்டு பாத்துக்கொண்டிருந்தம். தாய் வளவுக்குள்ளை எல்லாருக்கும் மகள் கொழும்பிலை எண்டு சொல்லிக்கொண்டிருந்தா. அவளின்ரை வெள்ளைச் சட்டையைத் தோய்ச்சு மடிச்சுப் பெட்டிக்குள்ளை வைச்சிருந்தா. ஒவ்வொரு முறையும் எனக்குச் சம்பல் அரைச்சுத் தந்தா, நானும் திண்டன்.

மூண்டாம் கிழமை எண்டு நினைக்கிறன். அடுத்த வருஷப் பயிற்சிக்குப் புதுசாச் சேர்ந்த ரண்டு பேருக்கு மிஸ் வாய் எழுதிறது பழக்கிக்கொண்டிருந்தா. பின்னேரம். ஒருத்தி தலைமாட்டிலை இருந்து எழுதிறாள். மிஸ் கடதாசியைப் பறிச்சுப் பாத்திட்டுக் கத்தினா. "முன்னாலை இருந்தால் அவவின்ரை வலது உமக்கு இடது. தலைமாட்டிலை இருந்தால் அவவின்ரை வலது உமக்கும் வலது. கண்டபடி எழுதினால் வாய் முழுக்க இடம் வலம் மாறிப் போகும். இதுக்குத்தானே வாசிக்கச் சொல்லுறது."

நான் அடுப்படியிலை ஆயுதம் அவிச்சுக்கொண்டு நிண்டனான். இடுக்கி கையிலையிருந்து விழுந்தது. எழுதின நேரம் பின்னேரம். நான் தலைமாட்டிலை. அவளின்ரை மூக்குக்குள்ளை என்ரை தலை எண்ணெய். முன்னாலை இருந்து பழகின கை, அவளின்ரை இடதை வலதெண்டு எழுதிப்போட்டுது. கிணத்தடியிலை போய்ச் சத்தி எடுத்தன்.

அண்டைக்கே மிஸ்ஸிட்டைச் சொன்னன், எல்லாத்தையும். வாசிச்சுக் காட்டாததையும், டொக்டரிட்டைப் பொய் சொன்னதையும். ஏசுவா எண்டு நினைச்சன். ஏசியிருந்தால் நல்லது. மிஸ் கொடியிலை தொங்கின கையுறையளை ஒவ்வொண்டா எடுத்து மடிச்சா. "உடம்பு எரிச்சாச்சு. இப்ப சொல்லி ஆருக்கு என்ன? சோதனை முடியட்டும். உம்மை வெளியிலை விட்டால் சோதனை எடுக்க எங்களுக்கு இருக்கிறது எட்டுப் பேர்தான். பிறகு தாயிட்டைப் போய்ச் சொல்லும்" எண்டா. அவளும் இல்லை, வேறை ரண்டு பேர் முதலே படிப்பை விட்டு நிண்டிட்டினம். நான் மிஸ்ஸிலை பழி போட வரேல்லை. அவ அப்பிடிச் சொன்னது எனக்கு எவ்வளவு ஆறுதலா இருந்தது எண்டதைத்தான் எழுத வேணும். சோதனை முடியும் வரை அந்தப் பொய்யை மடியிலை வைச்சுக்கொண்டு படிச்சன். ஞாயிற்றுக்கிழமைகளிலை போய்ச் சம்பலும் திண்டன். தூ, என்ன பிறவி நான்.

சோதனையிலை பாஸ். டொக்டர் கை தந்தார். அடுத்த ஞாயிறு, அலுமாரியிலையிருந்து அவளின்ரை கடதாசியை எடுத்துப் பைக்குள்ளை வைச்சுக்கொண்டு கோயில் வளவுக்குப் போனன். எப்பிடிச் சொல்லுறது எண்டு வழி முழுக்க யோசிச்சுக்கொண்டு போனன். கொட்டில் வாசலிலை தாய் குந்தியிருந்தா. கையிலை ஒரு காயிதம், உறை கிழிச்சிருந்தது.

"நல்ல நேரம் வந்தாய் மோனை. கொழும்பிலையிருந்து மூத்தவன்ரை காயிதம் வந்திருக்கு. என்ரை மூக்குக்கண்ணாடி குருநகர் வீட்டோடை போயிட்டுதே. வாசி பாப்பம்" எண்டா.

பிரிச்சு வாசிச்சன். தான் சுகம், வேலை சுகம். இஞ்சை பொம்மர் போடுறதாக் கேள்விப்பட்டுச் சாப்பாடு இறங்கேல்லை. ரண்டாம் பந்தியிலை, "தங்கச்சி எப்பிடி இருக்கிறாள்? பல்லுப் படிப்பு முடிஞ்சுதோ? முடிஞ்சவுடனை எப்பிடியாவது அவளை இஞ்சை அனுப்புங்கோ அம்மா" எண்டு எழுதியிருந்தார். காயிதத்தின்ரை தலையிலை இருந்த திகதியைப் பாத்தன். அவள் போய் ஒரு மாசத்துக்குப் பிறகு எழுதினது.

வாசிக்காமல் விட்டிருக்கலாம். அந்த எண்ணம் வந்தது, மறைக்கேல்லை. ஆனால் வாசிச்சன். திகதியையும் சேர்த்துச் சத்தமா வாசிச்சன்.

தாய் காயிதத்தை வாங்கி உறைக்குள்ளை வைச்சா. நான் நிலத்திலை இருந்து, பைக்குள்ளை இருந்த கடதாசியை எடுத்து, "அம்மா, நான் பிழையா எழுதிப்போட்டன்" எண்டு துவங்கினன். தலைமாட்டிலை இருந்தது, கை மாறினது, பொம்மர் வந்தது, வாசிச்சுக் காட்டாமல் கையெழுத்து வைச்சது, டொக்டர் கேக்க ஓம் எண்டது. சொல்லிக்கொண்டு போகேக்கையே அழுதன். அடிப்பா, மண் அள்ளித் திட்டுவா, எது செய்தாலும் இருப்பம் எண்டு இருந்தன்.

"எனக்கு அண்டைக்கே தெரியும் பிள்ளை" எண்டா.

நான் நிமிர்ந்து பாத்தன்.

"அந்தப் பல்லுப் பிடுங்கேக்கை நான்தானே கூட்டிக்கொண்டு போனனான். ஐஸ்பழத்தைக் கடிக்கேலாமல் இந்தக் கன்னத்திலை வைச்சு ஒத்திக்கொண்டு வந்தவள்." தன்ரை இடது கன்னத்தைத் தொட்டுக் காட்டினா. "நீ வந்து வலது எண்டாய். கடதாசியிலை இருக்கெண்டாய். படிச்ச பிள்ளையள் எழுதினது, என்னைவிடச் சரியா இருக்கும் எண்டு நினைச்சன். நினைக்கேல்லை, பிடிச்சுக்கொண்டன். உள்ளை கிடந்த என்ரை பிள்ளையை ஒருக்காப் பாக்காமல் அந்தக் கடதாசியைப் பிடிச்சுக்கொண்டு வீட்டை வந்திட்டன். கண்டவங்களோடை கிடத்தி எரிக்க விட்டிட்டன். சேமக்காலையிலை ஒரு பிடி மண் அவளுக்கு இல்லை."

அந்த மனிசி அழேல்லை. நான்தான் அழுதன். என்ரை பொய்யை நான் ஒண்டரை மாசம் சுமந்தன் எண்டு எனக்கு நானே பரிதாபப்பட்டுக்கொண்டு வந்தனான். அந்த மனிசி உண்மையைச் சுமந்துகொண்டு எனக்குச் சம்பல் அரைச்சுத் தந்திருக்கிறா.

அவ கையை நீட்டிக் கடதாசியை வாங்கிப் பாத்தா. கண் தெரியாது, எண்டாலும் பாத்தா. பிறகு திருப்பித் தந்தா.

"சுவாமியாரிட்டைப் போய் அவளுக்குப் பூசை கேக்க வேணும். பிழையான கடதாசியோடை போகேலாது. திருத்தித் தா."

பைக்குள்ளை பேனை இருந்தது. முழங்காலிலை கடதாசியை வைச்சு, நான் போட்ட புள்ளடியை வெட்டினன். மற்றப் பக்கத்திலை, ஆறாம் இலக்கத்துக்கு மேலை, புதுசாப் புள்ளடி போட்டன். அது கோணலாத்தான் வந்தது.

"வாசி" எண்டா.

"மேல் வலது, எல்லாம் இருக்கு" எண்டு துவங்கினன். தாய் கண்ணை மூடிக்கொண்டா. ஒவ்வொண்டுக்கும் தலையை ஆட்டினா. "மேல் இடது, எல்லாம் இருக்கு. கீழ் வலது, எல்லாம் இருக்கு." புதுசாப் போட்ட புள்ளடியிலை விரலை வைச்சன்.

"கீழ் இடது, ஆறாம் பல்லு இல்லை" எண்டன்.

தாயின்ரை நாக்கு, வாய்க்குள்ளை இடப்பக்கக் கடைவாயைத் தடவினது கன்னத்திலை தெரிஞ்சது.

"ஓம்" எண்டா.